உன் அம்பாசடரைப் பிரிக்கும் முன்

ரங்கூன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குத் திருமணம் நிச்சயமானது அறிந்து வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. விசா கிடைத்தால் நானும் என் மனைவியும் கட்டாயம் வருவோம். இங்கே மழை விட்டபாடில்லை, வியாபாரம் மந்தம், உடம்புக்குக் குறையில்லை. இனி உன் அம்பாசடருக்கு வருகிறேன். அந்தப் பத்தியைப் படித்ததிலிருந்து மனம் அதிலேயே நிற்கிறது.

ஏற்காடு மலையில் வண்டி இழுக்கவில்லை, கம்ப்ரஷன் (சிலிண்டரில் கலவை அழுத்தப்படும் அளவு) குறைவாகக் காட்டுகிறது, எனவே சிலிண்டரைக் கடைந்து போர் செய்து பிஸ்டன், அதைச் சுற்றியுள்ள ரிங் எல்லாம் மாற்ற வேண்டும் என்கிறார் உன் மெக்கானிக். ஆனால் புகை இல்லை, எண்ணெயும் குறையவில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். ரிங் தேய்ந்திருந்தால் பொதுவாகப் புகையும் வரும், எண்ணெயும் குறையும். அப்படியில்லை என்றால் இஞ்சினைப் பிரிக்கச் சம்மதிக்காதே. முதலில் கேம்ஷாஃப்ட் டைமிங்கை, அதாவது வால்வுகளைத் திறக்கும் தண்டு சரியான நேரத்தில் வேலை செய்கிறதா என்பதை, அளக்கச் சொல்.

காரணம் இதுதான். பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கையும் கேம்ஷாஃப்டையும் இணைப்பது டைமிங் செயின். அது தேய்ந்து நீளும்போது கேம்ஷாஃப்ட் கிராங்குக்குப் பின்தங்குகிறது. பெட்ரோல் கலவையை உள்ளே விடும் இன்லெட் வால்வு மூட வேண்டிய நேரம் கடந்தும் திறந்திருக்கும். பிஸ்டன் மேலேறும்போது உள்ளே வந்த கலவையில் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிப் போய்விடும். மெதுவான ஓட்டத்தில்தான் இந்த இழப்பு அதிகம். ஆகவே மலையில் இழுவை இருக்காது, அழுத்தம் அளக்கும் கேஜிலும் கம்ப்ரஷன் குறைந்தே தெரியும். பழி மட்டும் ரிங் மேல் விழும்.

என் மாரிஸ் மைனரிலும் இதே நோய்தான் இருந்தது. 948 சிசி இஞ்சின், உன் 1489 சிசிக்குத் தம்பி. இரண்டும் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் (பிஎம்சி) குடும்பம். இழுவை குறைந்தால் எனக்கு அது உயிர்ப் பிரச்சினை. 1970இல் பர்மா வலப்பக்கம் ஓட்டும் முறைக்கு மாறியது, ஸ்டீயரிங்கோ இன்றும் வலப்பக்கம்தான். பெகு சாலையில் ஒரு லாரியை முந்த வேண்டுமென்றால், எதிரே என்ன வருகிறது என்று பக்கத்தில் இருப்பவர் பார்த்துச் சொல்ல வேண்டும். சொன்ன நொடியில் வண்டி பாய வேண்டும்.

கையேட்டின்படி என் இஞ்சினில் இன்லெட் வால்வு, கிராங்க் சுழலும் கணக்கில், பிஸ்டன் உச்சிக்கு 5 டிகிரி முன்பே திறந்து, கீழ் எல்லைக்கு 45 டிகிரி பின்பு மூட வேண்டும். கணக்குப் போட்டால் வால்வு முழுதாகத் திறக்கும் இடம் உச்சிக்குப் பின் 110 டிகிரி. நான் அளந்தபோது 118 இருந்தது, அதாவது 8 டிகிரி தாமதம். இரண்டு பல்சக்கரங்களிலும் உள்ள புள்ளிகள் நேருக்கு நேர் நின்றன என்பதைக் கவனி. புள்ளி பொருந்தினால் செயின் ஒரு பல் தள்ளி மாட்டப்படவில்லை என்று மட்டுமே பொருள். இந்தப் புள்ளியைப் பார்த்துவிட்டு 'டைமிங் சரி' என்று மூடிவிடும் பழக்கத்தை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

அளக்கும் முறையை எழுதுகிறேன், மெக்கானிக்கிடம் காட்டு. கிராங்க் முனையில் டிகிரி குறித்த வட்டத் தட்டைப் பொருத்த வேண்டும். உச்சியைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யக் கூடாது. அங்கே கிராங்க் பல டிகிரி நகர்ந்தாலும் பிஸ்டன் அசைவது தெரியாது. பீங்கானை நீக்கிய பழைய ஸ்பார்க் பிளக்கில் ஒரு போல்ட்டைப் பற்றவைத்து முதல் சிலிண்டரில் மாட்டி, கையால் மெல்ல இரு திசையிலும் பிஸ்டன் முட்டும் வரை சுற்ற வேண்டும். இரண்டு அளவுகளின் நடுவே இருப்பதுதான் உண்மையான உச்சி. பிறகு போல்ட்டைக் கழற்றிவிட்டு, முன்னாலிருந்து இரண்டாவது வால்வின் மேல் நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜ் வைக்கவும். உன் இஞ்சினிலும் அதுதான் முதல் இன்லெட். இப்போது இஞ்சின் ஓடும் திசையில் மட்டுமே சுற்ற வேண்டும், பின்னோக்கித் திருப்பினால் செயின் தளர்ச்சி கணக்கைக் கெடுத்துவிடும். முழுத் திறப்புக்கு அரை மில்லிமீட்டர் முன்பும், அதே அளவு இறங்கிய பின்பும் டிகிரியைக் குறித்துக்கொள். இரண்டின் நடுவே இருப்பதுதான் முழுத் திறப்பு. எனக்கு நடு 118.

புதிய செயின் மாட்டியதும் 114க்கு வந்தது. மிச்சம் 4 டிகிரிக்கு, கேம் பல்சக்கரத்தைப் பிடிக்கும் அரைவட்டச் சாவிக்குப் பதில், மேற்பாதி சற்றே பக்கவாட்டில் விலகிய விலக்கச் சாவி ஒன்றைப் போட்டேன். பினாங்கிலிருந்து மருமகன் வாங்கி வந்தது. அதைத் திருப்பிப் போட்டால் பிழை இரட்டிப்பாகும், ஆகையால் மாட்டியபின் மறுபடி அளந்தே தீர வேண்டும். கையால் முழுதாக இரண்டு சுற்று சுற்றி உள்ளே எதுவும் எங்கும் முட்டவில்லை என்று உறுதி செய்த பிறகே ஸ்டார்ட்டரைத் தொட வேண்டும். இன்னொன்று: பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டர் கேம்ஷாஃப்டிலிருந்துதான் சுழல்கிறது. கேம் முன்னே வந்தால் தீப்பொறியும் அதே அளவு முன்னே வந்துவிடும். இக்னிஷனை, அதாவது தீப்பொறி நேரத்தை, புதிதாக அமைக்காவிட்டால் கலவை முன்கூட்டியே எரிந்து இஞ்சின் தட்டும்.

இப்போது மைனர் மூன்றாவது கியரிலேயே மேட்டில் ஏறுகிறது. 2011இல் பழைய வண்டியை ஒப்படைத்தால் அதைவிடப் புதிய வண்டி இறக்குமதிக்கு அனுமதி என்று அரசு அறிவித்தபோது, நம் தெருவிலேயே எத்தனை நல்ல இஞ்சின்கள் உடைப்புக்குப் போயின! இழுவை இல்லை என்று கைவிடப்பட்டவற்றில் பாதிக்கு ஒரு செயின் போதுமாயிருந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். உன்னுடையது அந்த வழியில் போகக் கூடாது.

உன் இஞ்சினுக்கான டிகிரிக் கணக்கை அதன் கையேட்டில் பார்த்துக்கொள். என் எண்ணை அப்படியே எடுக்காதே. அளந்ததும் இரண்டு எண்களையும் எனக்கு எழுது. விலக்கச் சாவி தேவைப்பட்டால் எத்தனை டிகிரி என்று சொல், திருமணத்துக்கு வரும்போது கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய தோழன்