குளிர்நாட்டு வாழைக்குப் பிளாஸ்டிக் உறை வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆண்டு இறுதி விடுமுறைக்கு இங்கிலாந்திலுள்ள பிள்ளைகளைப் பார்க்கப் புறப்படும் பெற்றோர் பலர், கொல்லையிலிருந்து ஒரு வாழைக்கன்றைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோகலாமா என்று கேட்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். வாழையை வாட வைக்கும் பனாமா நோயின் டிஆர்4 வகை மலேசியாவில் இருக்கிறது. கன்றில் ஒட்டிய ஒரு பிடி மண் போதும், அது ஊர் தாண்டிவிடும். தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாத கன்றை அங்கே உள்ளே விடவும் மாட்டார்கள். அப்படியே போய்ச் சேர்ந்தாலும், நம் மலேசிய வாழை வகைகளான பிசாங் மாஸும் பெராங்கானும் அங்கே வெட்டவெளியில் ஒரு மார்கழியைத் தாண்டாது. இங்கே மலேசியாவின் குளிர்ந்த கேமரன் மலையில் வளர்கிறதே என்பார்கள். அங்கே இரவுக் குளிர் 15 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். உறைபனிக்கு அது பக்கத்தில்கூட வராது.

அங்கேயே நர்சரிகளில் மூசா பாஸ்ஜூ என்ற அலங்கார வாழை கிடைக்கிறது. ஜப்பான் வாழை என்று பெயர், தாயகமோ தென்சீனா. பழம் முழுக்க விதை, தின்ன உதவாது. இலை அழகுக்காகவே நடுவது. முதல் உறைபனியிலேயே இலை கருகிவிடும். மைனஸ் 5 டிகிரி வாக்கில் தண்டும் போய்விடும். கிழங்கு மட்டும், மேலே நல்ல மூடாக்கு இருந்தால், மைனஸ் 10 டிகிரியையும் தாங்கும். குருத்து பிறக்கும் முனை, மரம் பூக்கத் தயாராகும் வரை, மண்மட்டத்தில் கிழங்கின் தலையிலேயே இருப்பதுதான் காரணம். தண்டு செத்தாலும் மரம் பிழைப்பது இதனால்தான். ஆனால் தண்டைக் காப்பாற்றியவருக்கு அடுத்த கோடையில் ஆளுயரத்தில் இலை விரியும். விட்டுவிட்டவர் தரையிலிருந்து தொடங்க வேண்டும்.

காப்பாற்றும் வழி இது. இலைகள் கருகியதும் அவற்றை மட்டும் வெட்டுங்கள், தண்டைத் தொட வேண்டாம். தண்டிலிருந்து ஒரு அடி தள்ளி நான்கு கழி நட்டு, கோழிக்கூண்டுக் கம்பிவலையைச் சுற்றிக் கட்டுங்கள். உள்ளே காய்ந்த வைக்கோலையோ சருகையோ தண்டின் உச்சி மறையும்வரை நிரப்புங்கள். அமுக்கித் திணித்தால் இடையில் காற்று நிற்காது, அந்தக் காற்றுதான் கதகதப்பு. அடிமண்ணிலும் ஒரு அடி கனத்துக்குச் சருகு போடுங்கள். மழை இறங்காதபடி உச்சிக்கு மட்டும் ஒரு தகடோ பலகையோ சாய்த்து வையுங்கள்.

பலரும் தவறுவது இங்கேதான். குளிருக்குப் பயந்து மரத்தை அடிமுதல் நுனிவரை பிளாஸ்டிக்கால் சுற்றிவிடுகிறார்கள். வாழைத்தண்டில் பத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர். அந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே வியர்த்து, தண்டு அழுகிவிடும். பக்கங்கள் மூச்சு விடட்டும்.

மார்ச் கடைசியில் பிரித்துப் பார்த்தால் உச்சி பழுப்பாகி, அமுக்கினால் கொழகொழவென்று நாற்றத்தோடு இறங்கும். மரம் செத்துவிட்டது என்று தோண்டி எறியாதீர்கள். கூரான கத்தியால் மேலிருந்து இரண்டிரண்டு அங்குலமாகச் சீவுங்கள். வெங்காயத்தை வெட்டியதுபோல் வளையம் வளையமாகத் தெரியும். நடு வளையம் வெள்ளையாக, கெட்டியாக வரும் இடத்தில் நிறுத்துங்கள். வெயில் ஏறியதும் அந்த நடுவிலிருந்தே சுருட்டிய குருத்து எழும்பும். மே பாதிவரை பின்பனி விழலாம் என்பதால் ஒரு பழைய போர்வையைக் கைவசம் வைத்திருப்பது நல்லது.

சிவப்பு இலைக்கு ஆசைப்பட்டு என்செட் வாங்குகிறவர்களுக்கு இந்த வழி ஆகாது. எத்தியோப்பியாவில் உணவுப்பயிராக இருக்கும், வாழைக்கு உறவான இனம் அது. பக்கக்கன்று விடாது, முனை உறைந்தால் அதோடு சரி. உறைபனிக்கு முன்பே வேரோடு பெயர்த்து, நடுக்குருத்தை விட்டு மற்ற இலைகளை வெட்டி, சில நாள் தலைகீழாகச் சாய்த்துத் தண்ணீரை வடியவிட வேண்டும். பிறகு 5 முதல் 10 டிகிரி உள்ள ஈரமில்லாத கராஜில் வைக்கலாம். சித்திரை வரை தண்ணீர் அநேகமாகத் தேவையே இல்லை. தொட்டியில் வைத்தே வளர்ப்பவர்கள் தொட்டியோடு உள்ளே தூக்கிவிட வேண்டும். நிலத்தைப்போல் இல்லாமல் தொட்டி மண் நான்கு பக்கமும் உறையும்.

வாசகர்,
ஜெலுத்தோங், பினாங்கு