கறுப்பியின் பசியை மீட்டுத் தந்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் வீட்டு முயல் கறுப்பிக்குக் கருப்பை நீக்க அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து, தையலும் ஆறி, அவள் மறுபடியும் உலர்புல்லைத் தானே இழுத்து மெல்லத் தொடங்கிவிட்டாள் என்பதை முதலில் தெரிவித்துக்கொள்கிறேன். அந்த நாட்களில் விசாரித்தவர்கள் பலர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் எழுத அப்போது இயலவில்லை. உங்களில் ஒருவர் செய்த உதவி மற்றவருக்குத் தெரியாது. ஆனால் அவற்றுள் எது ஒன்று குறைந்திருந்தாலும் கறுப்பி பிழைத்திருப்பாளா என்பது ஐயமே. ஆகவேதான் இதைப் பொதுமடலாக எழுதுகிறேன். பெயர் வேண்டாமென்று சிலர் கேட்டுக்கொண்டதால் எவர் பெயரையும் குறிப்பிடவில்லை. படிக்கும்போது உங்களை நீங்களே அடையாளம் கண்டுகொள்வீர்கள்.

முதல் நன்றி, கூண்டின் தட்டில் கிடந்த சிவப்புக் கறையைப் பார்த்துவிட்டுச் சும்மா போகாத என் தோழிக்கு. முயலின் சிறுநீர் சில வேளைகளில் சிவப்பாகவும் ஆரஞ்சு நிறமாகவும் இருப்பதுண்டு. தின்ற இலைகளிலுள்ள நிறமிகளே பெரும்பாலும் அதற்குக் காரணம் என்பதால் முயல் வளர்ப்பவர்கள் அதைக் கண்டு பதறுவதில்லை. தோழியும் பதறவில்லை. ஆனால், நிறமியாக இருந்தால் சிறுநீர் முழுவதும் ஒரே சீராகச் சிவந்திருக்கும், இதிலோ கட்டி கட்டியாகத் தனித்துத் தெரிகிறதே என்று சுட்டிக்காட்டி, பரிசோதித்துவிடுவது நல்லது என்றார். பரிசோதனையில் தெரிந்தது இரத்தம்தான்.

அடுத்து மருத்துவருக்கு. கருப்பை நீக்கப்படாத பெண் முயல்களுக்கு நான்கு வயதுக்கு மேல் கருப்பைப் புற்றுநோய் வருவது மிகப் பரவலான ஒன்று என்பதையும், சில இனங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் அது காணப்பட்டிருக்கிறது என்பதையும், அது மெதுவாக வளர்ந்தாலும் நுரையீரலுக்குப் பரவக்கூடியது என்பதையும் அவர் பொறுமையாக விளக்கினார். அதனால்தான் வயிற்றை ஸ்கேன் செய்ததோடு நில்லாமல் நெஞ்சையும் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். நுரையீரல் தெளிவாக இருந்தது. அதன் பிறகும் அவர் உடனே தேதி குறித்துவிடவில்லை. மயக்க மருந்தால் நேரக்கூடிய ஆபத்தை எண்களோடு எடுத்துச் சொன்னார்: 2008-ஆம் ஆண்டு வெளியான பெரிய பிரிட்டிஷ் ஆய்வொன்றில், மயக்க மருந்து கொடுக்கப்பட்ட நாய்களில் 0.17 சதவீதமும் பூனைகளில் 0.24 சதவீதமும் இறந்திருக்க, முயல்களில் அந்த அளவு 1.39 சதவீதமாக இருந்தது. நோயில்லாத முயல்களில் மட்டும் பார்த்தால் அது ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. இவற்றைவிட என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது அவர் அடுத்துச் சொன்ன செய்திதான். அப்படி இறந்த முயல்களில் பெரும்பாலானவை அறுவை மேசையில் இறக்கவில்லை. எல்லாம் முடிந்து, விழித்தெழ வேண்டிய நேரத்திலும் அதற்குப் பின்னருமே இறந்திருந்தன. இதைச் சொல்லிவிட்டு, உங்கள் வீட்டில் இரவில் விழித்திருக்க எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகவே அவருக்குத் தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும். எனக்கு அது சம்பிரதாயக் கேள்வியாகத்தான் பட்டது. முதல் இரவிலேயே அதன் பொருள் விளங்கிவிட்டது.

மருத்துவருக்குத் துணை நின்ற செவிலியரை எங்கள் குடும்பம் மறக்காது. நாய்க்கும் பூனைக்கும் சொல்வதுபோல் முந்தைய இரவிலிருந்தே பட்டினி போட வேண்டுமோ என்ற பேச்சு வீட்டில் எழுந்தபோது, முயலால் வாந்தியெடுக்க இயலாது, ஆகவே அந்தப் பட்டினி தேவையில்லை, வெறும் வயிறு அதற்குக் கேடுதான் என்று விளக்கி, வழக்கமான புல்லையே கையோடு கொண்டுவரச் சொன்னவர் அவர். முயலின் வாய் குறுகலானது, தொண்டை ஆழத்தில் இருப்பது. மூச்சுக்குழாயில் குழாயைச் செலுத்துவதே தனிக்கலை என்பார்கள். அந்த வேலை முடிந்தது முதல் கறுப்பி கண் திறக்கும்வரை அவர் அவளைவிட்டு நகரவில்லை. முயலின் இயல்பான உடல்வெப்பம் ஏறத்தாழ 38.5 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். வயிற்றின் மயிரை மழித்து அறுவை செய்யும்போது அது மளமளவென்று இறங்கிவிடக்கூடும் என்பதால், வெதுவெதுப்பான துணியை மாற்றி மாற்றிப் போர்த்தி, வெப்பம் பழைய நிலைக்குத் திரும்பிய பிறகே அவளை எங்கள் கையில் தந்தார்.

இனி அந்த முதல் இரவு. அறுவை நல்லபடியாக முடிந்தது என்று கேட்டவுடன் வீட்டில் எல்லோரும் மூச்சு விட்டோம். கறுப்பியோ மூலையில் கூனி உட்கார்ந்துகொண்டு, வைத்த புல்லைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேறு பிராணிகள் ஒருநாள் சாப்பிடாவிட்டால் அடுத்த நாள் பார்த்துக்கொள்ளலாம். முயலின் கதை வேறு. அதன் குடல் ஓயாமல் அசைந்துகொண்டே இருக்க வேண்டும். நார்ச்சத்து உள்ளே சென்றுகொண்டிருந்தால்தான் அது அசையும். வலியாலோ அச்சத்தாலோ முயல் உண்ணாதபோது குடல் தளர்கிறது. தளர்ந்த குடலில் வாயு சேர்ந்து வலி கூடுகிறது. வலி கூடக் கூட உண்ணும் எண்ணமே போய்விடுகிறது. அரை நாள் இப்படிக் கழிந்தாலே உயிருக்கு ஆபத்து. எனவே வலியை அடக்குவதும் வலுவில் ஊட்டுவதும் சேர்ந்தே நடக்க வேண்டும் என்று மருத்துவர் எழுதிக்கொடுத்திருந்தார். எழுதியதைப் படிப்பது எளிது. வாயை இறுக மூடிக்கொண்டு உதைக்கும் உயிருக்கு ஊட்டுவதுதான் கடினம்.

அப்போது வந்தவர் மாடி வீட்டு அக்கா. பல ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். முயலைத் தொட்டதே அன்றுதான் முதல்முறை என்று பிறகுதான் சொன்னார். உலர்புல் தூளால் ஆன மருத்துவ உணவை வெந்நீரில் கரைத்து ஆறவைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் நிரப்பினார். கறுப்பியைத் துண்டில் சுற்றி, நான்கு கால்களும் தரையில் படுமாறு உட்காரவைத்தார். முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே இயற்கையாகவே ஓர் இடைவெளி உண்டல்லவா, அதன் வழியே பக்கவாட்டில் சிரிஞ்சின் நுனியை நுழைத்து, சொட்டுச் சொட்டாகவே செலுத்தினார். மல்லாக்கப் பிடித்தால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்பது மருத்துவர் தந்த தாளில் இருந்தது. ஒவ்வொரு வாய்க்கும் அவள் மென்று விழுங்கும்வரை காத்திருக்க வேண்டும் என்பது எந்தத் தாளிலும் இல்லை. அது அக்காவின் கைப்பக்குவம். முயலின் பின்னங்கால்கள் மிக வலுவானவை, முதுகெலும்போ மெல்லியது. பிடி தளர்ந்திருக்கும்போது ஓங்கி உதைத்தால் முதுகே முறிந்துபோகும். ஆகவே தூக்கும் ஒவ்வொரு முறையும் பின்பாகத்தைத் தாங்கிப் பிடிக்க எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அவரே பழக்கினார். நள்ளிரவிலும் விடியற்காலையிலும் கதவைத் தட்டாமல், படியில் வந்து உட்கார்ந்து, நாங்களாகத் திறக்கும்வரை காத்திருந்த அவருக்கு நான் எந்தச் சொல்லால் நன்றி சொல்வேன்?

வலியைக் கண்டுகொள்ளக் கற்றுத்தந்தவர் கால்நடை மருத்துவம் படிக்கும் தம்பி ஒருவர். முயல் வலியை வெளிக்காட்டாது. வேட்டையாடப்படும் பிராணிக்கு அது இயல்பு. ஆனாலும் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்பதை வைத்து, முயல் முகத்தின் வலி அளவுகோல் ஒன்றை ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்டிருக்கிறார்கள். கண் எவ்வளவு இடுங்கியிருக்கிறது, கன்னம் எவ்வளவு ஒட்டியிருக்கிறது, மூக்குத் துளையின் வடிவம், மீசையின் நிலை, காதின் நிலை ஆகிய ஐந்தையும் பார்க்கச் சொல்கிறது அது. தம்பி இந்த ஐந்தையும் தம் கையால் படம் வரைந்து அனுப்பினார். அதைக் கூண்டின் மேல் ஒட்டிவைத்தோம். வருடிக்கொடுக்கும்போது பற்களை மெதுவாக உரசினால் அது மகிழ்ச்சி, ஒடுங்கி உட்கார்ந்துகொண்டு உரக்க நறநறத்தால் அது வலி என்ற வேறுபாட்டையும் அவர்தான் சொன்னார். மறுநாள் அந்த நறநறப்பு கேட்டது, மருத்துவரிடம் சொன்னோம், அவர் மெலாக்சிகாம் என்ற வலிமருந்தின் அளவை உயர்த்தினார். எடைக்கு எடை பார்த்தால் நாய்க்குத் தருவதைவிட முயலுக்குக் கூடுதலாகத் தேவைப்படும் மருந்து அது என்று அப்போது அவர் சொன்னது எங்களுக்கு வியப்பாக இருந்தது. (எனினும் அளவை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர்தான்.)

மருந்துக்கடை நண்பருக்கும் கடன்பட்டிருக்கிறேன். தையல் சீழ் பிடிக்காமலிருக்க, வீட்டில் மீந்திருக்கும் அமாக்சிசிலினைக் கொஞ்சம் கரைத்துக் கொடுங்கள் என்று அக்கறையோடு ஒருவர் யோசனை சொல்ல, அதைக் காதில் வாங்கிய நண்பர் வேலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து வந்தார். அமாக்சிசிலின் போன்ற பென்சிலின் வகை மருந்துகளை வாய்வழியாகக் கொடுத்தால் முயலின் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, நஞ்சு சுரக்கும் கிருமிகள் பெருகி, முயலே இறந்துபோகலாம். மனிதக் குழந்தைக்குக் கொடுப்பதை முயல்குட்டிக்கும் கொடுக்கலாம் என்று எண்ணுகிறவர்கள் ஊருக்கு நாலு பேராவது இருப்பார்கள்; அவர்களுக்காக இதைச் சற்று அழுத்தியே எழுதுகிறேன்.

தையலைக் கடிக்காமலிருக்கக் கழுத்தில் மாட்டும் கூம்புப் பட்டை கறுப்பிக்கு ஒத்துவரவில்லை. முயல், தன் உடலிலிருந்து வெளியேறும் மென்மையான புழுக்கையைக் குனிந்து நேராகவே வாயில் எடுத்து உண்ணும். முதல் சுற்றில் செரிக்காத சத்துகள் அதன் வழியாகத்தான் அதற்குக் கிடைக்கின்றன. பட்டை மாட்டினால் அதற்கு வழியில்லை, அச்சமும் கூடும். மருத்துவரின் ஒப்புதலோடு, பச்சிளங்குழந்தையின் சட்டையைக் கத்தரித்து, வயிற்றை மூடியும் பின்புறம் திறந்தும் இருக்கும்படி ஓர் உறை தைத்துத் தந்த பக்கத்து வீட்டு அம்மாவுக்கு நன்றி. அளவெடுக்கும்போது கறுப்பி அவர் விரலைக் கடித்தாள். அதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

கீழ்வீட்டுக் குழந்தைகள் பந்தாட்டத்தை வேறிடத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். அவர்களில் மூத்தவள் ஒரு நோட்டுப்புத்தகத்தில், எத்தனை புழுக்கை, பெரியதா சிறியதா, உருண்டையா ஒழுங்கற்றதா என்று நேரம் போட்டு எழுதிவைத்தாள். மருத்துவர் அந்த நோட்டைப் பார்த்த பிறகு எங்களிடம் கேள்வி கேட்பதையே குறைத்துக்கொண்டு அவளிடமே கேட்கத் தொடங்கிவிட்டார். முதல் புழுக்கை விழுந்தபோது அவள் போட்ட கூச்சலில் கறுப்பியைத் தவிர எல்லோரும் துள்ளி எழுந்தோம். கறுப்பியோடு வளரும் ஆண் முயல் மணியை அப்புறப்படுத்திவிடாமல், ஒருவர் வாசம் மற்றவருக்கு எட்டும்படி நடுவில் கம்பித் தடுப்பு வைத்துப் பக்கத்திலேயே விடச் சொன்னவர் முயல் வளர்க்கும் இன்னொரு நண்பர். பிரித்துவைத்தால் பிறகு சேர்க்கும்போது சண்டை வரக்கூடும் என்றார். மணி தடுப்பின் ஓரத்தில் உட்கார்ந்து புல் மென்றுகொண்டிருந்ததைப் பார்த்துத்தான் கறுப்பி தானாக முதல் தண்டை இழுத்தாள் என்பது எங்கள் வீட்டார் நம்பிக்கை. வலிமருந்து வேலை செய்யத் தொடங்கிய நேரமும் அதுதான் என்பது மாடி வீட்டு அக்காவின் கட்சி.

வேலை நேரத்தை மாற்றித் தந்த அலுவலகத் தோழர்களுக்கும், அதிராமல் வண்டி ஓட்டிய ஓட்டுநருக்கும், பிராணிப் பெட்டியை இரவல் தந்தவருக்கும் நன்றி. ஒரு முயலுக்கா இவ்வளவு பாடு என்று கேட்டவர்களும் உண்டு. அப்படிக் கேட்டவர்களில் ஒருவர் அன்று மாலையே ஒரு பை நிறைய டிமோத்தி புல்லோடு வந்து நின்றார் என்பதால், அந்தக் கேள்வியைப் பற்றி எனக்கு மனக்குறை ஏதும் இல்லை.

திசுப் பரிசோதனையின் முடிவு வந்துவிட்டது. கட்டி புற்றுநோய்தான்; ஆனால் கருப்பைச் சுவரைத் தாண்டவில்லை. சில மாதங்கள் கழித்து நெஞ்சை மறுபடியும் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்; முடிவு எதுவானாலும் உங்களுக்குத் தெரிவிப்பேன். பிரிக்காத மருத்துவ உணவுப் பொட்டலங்கள், சிரிஞ்சுகள், கம்பித் தடுப்பு, துவைத்து மடித்த வயிற்றுறை, வலி அளவுகோலின் படம் ஆகியவை எங்களிடம் இருக்கின்றன. தங்கள் முயலுக்கு அறுவைச் சிகிச்சை நடக்கவிருக்கிறவர்கள் எந்த நேரத்திலும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். உடன் வந்து ஊட்டிக் காட்ட மாடி வீட்டு அக்காவும் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

மிக்க நன்றியுடன்,
கறுப்பி, மணி ஆகியோரின் வீட்டார்