30,000 சம்பளமும் 14 பேர் கணக்கும்

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

2026 ஜனவரியில இருந்து ஆகக் குறைஞ்ச மாசச் சம்பளம் 30,000 ரூபா எண்டு சட்டம் வந்ததோட கல்முனை பஸார்லயும் சரி மட்டக்களப்பு டவுன்லயும் சரி முதலாளிமார் ரெண்டு பேர் சந்திச்சா இதே கதைதான். இனி கடைய மூட வேண்டியதுதான், ஆக்கள நிப்பாட்டத்தான் வேணும், கொழும்புல இருந்துக்கிட்டு சட்டம் போடுற ஆக்களுக்கு எங்கட ஊர் வியாபாரம் விளங்குமா எண்டு ஒரே புலம்பல். நான் சில கடைகளுக்கு பகுதி நேரமா கணக்கு எழுதிக் குடுக்கிற ஆள், முதலாளிட பேங்க் ஓடி (மேலதிகப் பற்று) கடனும் தெரியும், மாசக் கடைசியில வவுச்சர்ல கையெழுத்து வைக்கிற பிள்ளைகள்ட முகமும் தெரியும், அதாலதான் இத எழுதுறன்.

முதல்ல கணக்கப் பாப்பம். 2025 ஏப்ரலுக்கு முன்ன 17,500, அதோட பட்ஜெட் அலவன்ஸ் 3,500, எல்லாமா 21,000. மறுகா அது 27,000 ஆகி இப்ப 30,000. ஆனா 2022 நெருக்கடிக்குப் பிறகு நம்மட டவுன் கடைகள்ல கொஞ்சம் வேலை தெரிஞ்ச ஆள 21,000க்கு பிடிச்சு வைக்க ஏலுமா? ஏலாது. பொடியன்மார் கட்டாருக்கும் சவூதிக்கும் போறாங்க, இல்லாட்டி கொழும்புக்கு போறாங்க. அப்ப கையில குடுக்கிறது 30,000க்கு கிட்டவோ அதுக்கு மேலயோதான், ஆனா புத்தகத்தில அடிப்படைச் சம்பளம் எண்டு 21,000ஐப் போட்டுட்டு மிச்சத்த இன்சென்டிவ், பெட்ரோல், அது இது எண்டு எழுதிடுவாங்க. ஏனெண்டா ஊழியர் சேமலாப நிதி எண்ட ஈபிஎஃப்புக்கு முதலாளி 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதி எண்ட ஈடிஎஃப்புக்கு 3 வீதம், இந்த 15 வீதத்த 21,000க்கு கட்டினா 3,150 ரூபா, 30,000க்கு கட்டினா 4,500. வித்தியாசம் ஒரு ஆளுக்கு மாசம் 1,350. பத்துப் பேர் வேலை செய்யிற கடைக்கு 13,500. இந்த அழுகையில முக்கால்வாசி இந்தக் காசுக்குத்தான், ஆனா அத ஆரும் வாய் திறந்து சொல்றதில்ல, சம்பளம் சம்பளம் எண்டுதான் கத்துறாங்க.

வேலை செய்யிற பிள்ளைக்கு இது சின்னக் காசா எண்டா இல்ல. அவட பங்கு 8 வீதம் 2,400, முதலாளிட 3,600, ஈபிஎஃப்புக்கு மட்டும் மாசம் 6,000 விழும், பத்து வருசத்துக்கு வட்டி இல்லாமலே 7 லட்சத்து 20 ஆயிரம். 21,000 கணக்கில எண்டா அது 5 லட்சத்து 4 ஆயிரம்தான். கல்யாணத்துக்கு வேலைய விடுற பிள்ளைகள் அந்தக் காச எடுத்துத்தான் வீட்டுக்கு கூரை போடுறாங்க, இத நான் எத்தினையோ பேர்ட விஷயத்தில பாத்திருக்கன்.

எல்லா முதலாளியும் பொய் சொல்றாங்க எண்டு நான் சொல்லல்ல. படுவான்கரைப் பக்கம் உள்ளுக்க ஒரு சின்ன பேக்கரி, ஒரு ஃபார்மசி, உண்மையாவே 21,000தான் குடுத்துக்கிட்டு இருந்தவங்களுக்கு ஒரு ஆளுக்கு 9,000மும் அந்த 1,350உம் ஏறியிருக்கு, பாண் விலைய அதுக்கேத்த மாதிரி ஏத்த ஏலாது, அவங்க கதைக்கிறதில நியாயம் இருக்கு. அப்பிடிப்பட்ட கடையில ரெண்டாவது ஆள நிப்பாட்டிட்டு மனிசியக் கொண்டுவந்து கவுண்டர்ல இருத்துறத நானும் காணுறன். சட்டத்தால ஒரு நட்டமும் இல்ல எண்டு சொல்ற தொழிற்சங்கக்காரர் ஒருக்கா வந்து இதையும் பாக்கணும்.

ஆனா சட்டப்படி எல்லாம் கட்டுற முதலாளிக்கு பெரிய எதிரி சட்டமில்ல, பக்கத்துக் கடைக்காரர்தான். எனக்குத் தெரிஞ்ச ஒரு புடவைக் கடை முதலாளி எல்லாருக்கும் ஒழுங்கா ஈபிஎஃப் கட்டுறார், ஓவர்டைம் ஒண்டரை மடங்கு குடுக்கிறார். அவருக்கு எதிர்ப்பக்கம் அதே சாரிய 200 ரூபா குறைச்சு விக்கிற கடையில அரைவாசிப் பேருக்கு பேரே பதியல்ல. அங்க கையெழுத்துப் புத்தகம் ரெண்டு, லேபர் ஒபிசர் வந்தா காட்டுறது ஒண்டு, லாச்சிக்குள்ள உண்மையான நேரம் எழுதினது ஒண்டு. வருசப்பிறப்பு, நோன்புப் பெருநாள் சீசன்ல அந்தப் பிள்ளைகள் காலையில வந்து ராத்திரி பத்து மணி மட்டும் நிண்ட நிலையில சாரி விரிச்சுக் காட்டணும், கடைசி பஸ் போன பிறகு அப்பாவோ அண்ணனோ மோட்டார் சைக்கிள்ல வந்து ரோட்டோரம் காத்துக்கிட்டு நிப்பாங்க. ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 எண்டு கடை காரியாலயச் சட்டம் 1954ல இருந்து இருக்கு. தமிழ்நாட்டில 2021ல கடைப் பிள்ளைகளுக்கு கட்டாயம் கதிரை குடுக்கணும் எண்டு சட்டமே போட்டாங்க, இங்க கதிரை கேட்டா வீட்ட போய் இரு எண்டுவாங்க.

அடுத்தது இந்த 14 பேர் கணக்கு, அதாவது ஏன் கடைகள் 14 பேரோட நிக்குது எண்டது. 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி 15 பேர் அல்லது அதுக்கு மேல வேலை செய்யிற இடத்தில, ஒழுக்கப் பிழை இல்லாம ஒராள நிப்பாட்ட வேணுமெண்டா அவர்ட எழுத்துச் சம்மதமோ தொழில் ஆணையாளர்ட அனுமதியோ வேணும். 1983ல வந்த பணிக்கொடைச் சட்டமும் அதே 15தான், 5 வருசம் முடிச்சா வருசத்துக்கு அரை மாசச் சம்பளம். நல்ல நோக்கத்தில வந்த சட்டம்தான். ஆனா வியாபாரம் பெருகி 15ஆவது ஆள் தேவைப்படக்குள்ள முதலாளி என்ன செய்யிறார் தெரியுமா, மகன்ட பேர்ல இன்னொரு பிசினஸ் பதிவு எடுக்கிறார், கடை ஒண்டு, கல்லா ஒண்டு, பில் புத்தகம் மட்டும் ரெண்டு. இல்லாட்டி மிச்சப் பேர கெஷுவல் எண்டு நாட்சம்பளத்தில போடுறார். உள்ளுக்க இருக்கிறவனுக்கு பலமான பாதுகாப்பு, வெளியில நிக்கிறவனுக்கு ஒண்டுமே இல்ல, அதால உள்ளுக்க எடுக்கவே பயம். வேலை இழந்தவனுக்கு கொஞ்ச மாசம் குடுக்கிற காப்புறுதி ஒண்டு இந்த நாட்டில இருந்திருந்தா அந்த 15 எண்ட கோடு இவ்வளவு பெரிய மதிலா நிக்காது எண்டுதான் நான் நினைக்கிறன். இதுக்குள்ள இன்னொண்டு, 14 பேர் கடையில நியாயமில்லாம நிப்பாட்டின ஆளும் 6 மாசத்துக்குள்ள தொழில் நியாய சபைக்கு போகலாம், இது நம்மட ஆக்களுக்கு தெரியாது, முதலாளிமாருக்கு நல்லாத் தெரியும்.

சங்கம் எண்டா நம்மட ஆக்கள்ட மனசில வாறது டொக்டர்மார் ஸ்ட்ரைக்தான். வாகரையில இருந்து விடிய வெளிக்கிட்டு போதனா வைத்தியசாலைக்கு வந்து கிளினிக் இல்லையாம் எண்டு திரும்பிப் போற கிழவிக்கு தொழிற்சங்க உரிமைய விளங்கப்படுத்த ஏலாது, அந்தக் கோபம் சரி. ஆனா சங்கம் வேணும் எண்ட ஆக்களுக்கு சங்கம் இல்ல. 1980 ஜூலை ஸ்ட்ரைக்கில 300 ரூபா கூடக் கேட்டதுக்கு 40,000 பேரளவில வேலை போச்சு, அதுக்குப் பிறகு யுத்தம், நம்மட பக்கம் சங்கம் எண்டு நாலு பேர் கூடினாலே பயம். சட்டப்படி 7 பேர் சேர்ந்தா சங்கம் பதியலாம், 40 வீதம் ஆக்கள் இருந்தா முதலாளி பேசித்தான் ஆகணும், ஆனா கடையில முதல்ல கையெழுத்து வச்ச பிள்ளை அடுத்த மாசம் அங்க இருக்குமா?

இதில ஒரு வேடிக்கை, பதியாத சங்கம்தான் நல்லா ஓடுது. அரிசி மில்லுல மூட்டை ஏத்துற நாட்டாமைமார் மூட்டைக்கு இவ்வளவு எண்டு அவங்களே முடிவெடுப்பாங்க, ஒராள் குறைச்சு ஏத்தினா மற்ற நாள் அவருக்கு லொறி இல்ல. ஓட்டோ ஸ்டாண்டும் அப்பிடித்தான், புது ஆளுக்கு இடமில்ல, அதுக்கு விலை குடுக்கிறது ஏறுற சனம். சங்கம் எண்டா எல்லாம் புண்ணியம் எண்டு நான் சொல்ல வரல்ல.

நான் கேக்கிறது பெரிசா ஒண்டுமில்ல. எந்தெந்த கடை, மில், ஹோட்டல் எத்தினை பேருக்கு ஈபிஎஃப் கட்டுது எண்ட எண்ணிக்கைய தொழில் திணைக்களம் பிரதேச செயலகத்தில ஒரு போர்டுல ஒட்டட்டும், ஆக்கள்ட பேர் தேவையில்ல, கடைட பேரும் எண்ணும் போதும். இருபது பேர் ஓடித் திரியிற கடைக்கு நேரா 6 எண்டு இருந்தா ஊர் சனமே பாத்துக் கேக்கும், முறைப்பாடு குடுத்த பிள்ளை ஆரெண்டு தேட வேண்டிய தேவையும் வராது. லேபர் ஒபிசர்மாரும் காலையில பத்து மணிக்கு வராம சீசன் நாள்ல ராத்திரி ஒம்பதுக்கு வரட்டும். நோன்புப் பெருநாளைக்கும் சித்திரை வருசப்பிறப்புக்கும் முன்ன இதச் செய்யலாம், புதுச் சட்டம் ஒண்டும் தேவையில்ல.

இப்படிக்கு,
கடைக் கணக்கு எழுதும் வாசகர்,
களுவாஞ்சிகுடி