நரம்புக் கையேட்டுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

உடம்பில் எங்கோ ஒளிந்திருக்கும் புற்றுக்கட்டியை எதிர்க்கக் கிளம்பும் நோயெதிர்ப்புச் சக்தி சிலருக்கு நரம்பையும் சேர்த்துத் தாக்கிவிடுகிறது. கட்டியில் உள்ள சில புரதங்கள் நரம்பணுவிலும் இருப்பதுதான் காரணம். அதனால் தள்ளாட்டம், மறதி, வலிப்பு முதலில் வரும். கட்டி பல மாதம் கழித்துத்தான் அகப்படும். இதை மதுரைப் பக்கத்துக் குடும்பங்களுக்குப் புரியும் தமிழில் சிறு கையேடாகக் கொண்டுவர உதவிய எல்லோருக்கும் இந்த மடல்.

முதல் நன்றி, நரம்பைத் தாக்கும் ஆன்டிபாடியை (நோயெதிர்ப்புப் புரதத்தை) ரத்தத்தில் தேடும் ஆய்வகத்தாருக்கு. "இம்யூனோகுளோபுலின் ஏற்றும் முன்பே ரத்தம் எடுத்துவிடுங்கள்" என்ற வரி அவர்கள் தந்தது. இந்தத் தாக்குதலைத் தணிக்க ஏற்றும் அந்த மருந்து ஆயிரக்கணக்கானோரின் பிளாஸ்மாவிலிருந்து தயாராவது. ஏற்றிய பின் எடுத்தால் அடுத்தவர் ஆன்டிபாடி நம் ரிப்போர்ட்டில் பாசிட்டிவ் காட்டலாம். மூளையைத் தாக்கும் என்எம்டிஏ ஆன்டிபாடியை ரத்தத்தில் மட்டும் தேடினால் சிலருக்குத் தவறிவிடும், முதுகுத் தண்டுவட நீரிலும் பார்க்க வேண்டும் என்பதும் அவர்கள் திருத்தமே.

லாம்பர்ட்–ஈட்டன் (நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி சரியாகப் போகாமல் கை கால் பலமிழக்கும் நோய்) பக்கத்தை எழுதித் தந்த பிசியோதெரபிஸ்ட்டுகளுக்குத் தனி நன்றி. முழங்காலில் சுத்தியலால் தட்டினால் கால் அசையாது. 10 விநாடி தொடையை முழுப் பலத்தோடு இறுக்கச் சொல்லி உடனே மறுபடி தட்டினால், கால் உதறும். இப்படி இருப்பவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு நுரையீரலில் சிறுசெல் புற்று இருக்கும். கூடவே வரும் வாய் வறட்சியை நம்மாட்கள் "சுகராயிருக்கும்" என்று விட்டுவிடுவார்கள். பீடி பிடித்தவர் என்றால் விடவே கூடாது.

எந்த ஆன்டிபாடிக்கு எந்த உறுப்பைத் தேடுவது என்பதைச் சரிபார்த்த பயிற்சி மருத்துவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். ஹு என்றால் நுரையீரல். யோ என்றால் சினைப்பை, மார்பகம். இளைஞருக்கு மா2 வந்தால் விரை. விரை ஸ்கேனுக்குப் பையன்கள் கூச்சப்படுவார்கள், அப்பா எடுத்துச் சொன்னால் எடுபடும். சினைப்பையில் வரும் டெரட்டோமா என்ற கட்டி, உடல் முழுக்கப் புற்றைத் தேடும் பெட் ஸ்கேனில் தெரியாமல் போகலாம். அதற்கு அல்ட்ராசவுண்ட் அல்லது எம்ஆர்ஐ வேண்டும்.

பெட் ஸ்கேன் பிரிவினர் சொன்னது: 6 மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் மட்டும் குடிக்கலாம். சுகர் 200-க்குள் இருக்க வேண்டும். சுகர் மாத்திரையான மெட்ஃபார்மின் குடலை ஒளிரவைத்துப் படத்தைக் குழப்பும். எப்போது நிறுத்துவது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்கேனுக்கான ஊசி போட்டபின் ஒரு மணி நேரம் பேசாமல் படுத்திருக்க வேண்டும்.

வார்டு சிஸ்டர்கள் போட்டுத் தந்த இம்யூனோகுளோபுலின் கணக்கு பலருக்குப் பயன்பட்டது: கிலோவுக்கு தினம் 0.4 கிராம், 5 நாள். 60 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு 24 கிராம், மொத்தம் 120. பாட்டிலைக் குலுக்கினால் நுரைக்கும். முதல் அரை மணி மெதுவாகத்தான் ஓட வேண்டும். தலைவலி, குளிர் வந்தால் உடனே சொல்ல வேண்டும்.

நரம்புக்குப் பெரியாஸ்பத்திரி, புற்றுக்குப் பாலரெங்காபுரம் என்று அலைபவர்களுக்கு "ஒரே ஃபைல், ஸ்கேன் சிடியோடு" என்று யோசனை சொன்ன உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கத்து கிராம செவிலியர்களுக்கும் நன்றி. முதல் ஸ்கேன் சுத்தமாக இருந்தாலும், ஆபத்து அதிகமுள்ள ஆன்டிபாடி என்றால் 4 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை, 2 வருடம் வரை திரும்பப் பார்க்க வேண்டும். அந்தத் தேதிகளைக் காலண்டர் அட்டையின் பின்பக்கம் எழுதச் சொன்னதும் அவர்களே. அடுத்த பதிப்பில் அதற்கென ஒரு கட்டம் போட்ட பக்கம் வருகிறது.

நன்றியுடன்,
கையேட்டுக் குழுவினர், மதுரை