மூத்த குடிமக்கள் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024-25

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இதன் நகல் வீடு தேடிப் போகும்.

செயற்குழு நான்கு முறை கூடியது. ஒருமுறை கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான ஆள் எண்ணிக்கை, இல்லாமல் டீ குடித்துவிட்டுக் கலைந்தோம். பொங்கல் விழாவும் கண் பரிசோதனை முகாமும் வழக்கம்போல் நடந்தன.

முதியோருக்கான சலுகைகளைப் பெற உறுப்பினர்களுக்கு உதவும் நம் சலுகை உதவி மேசையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். "அதெல்லாம் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்" என்று சென்ற பொதுக்குழுவில் சிலர் சொன்னார்கள். சரி, பிள்ளைகள் பார்க்கட்டும் என்று விடாமல், சனிக்கிழமைதோறும் நானே உட்கார்ந்தேன். சென்னை மாநகரப் பேருந்தில் 60 வயதானவர்களுக்கு மாதம் 10 இலவச டோக்கன் 2016 முதல் உண்டு. ஏசி பஸ்ஸில் செல்லாது. இது தெரியாமல் டிக்கெட் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நம்மிலேயே இருந்தார்கள். ரேஷன் கார்டு நகல், போட்டோ எல்லாம் சேர்த்து விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தேன்.

அப்புறம் லைஃப் சர்டிபிகேட், ஓய்வூதியர் உயிரோடு இருக்கிறார் என்று ஆண்டுதோறும் கொடுக்கும் சான்று. 80 வயதைத் தாண்டிய மத்திய அரசு ஓய்வூதியர்கள் நவம்பர் வரை காத்திருக்க வேண்டாம், அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம் என்று அறிவிப்புப் பலகையில் எழுதினேன். வந்து விசாரித்தவர் ஒருவர்தான். அவருக்கு வயது 67. கைரேகை தேய்ந்து கருவி ஏற்காதவர்களுக்குச் செல்போனில் முகம் காட்டிப் பதிவு செய்தோம். போன் என் பேத்தியுடையது. வட்டியில் வரி பிடிக்க வேண்டாம் என்று கொடுக்கும் 15எச் படிவத்தை ஏப்ரலிலேயே வங்கியில் கொடுக்கச் சொன்னேன். கொடுக்காமல் விட்டுவிட்டு, வட்டியில் வரி பிடித்தபிறகு என்னிடம் வந்து சண்டை போட்டவர்களும் உண்டு.

ரயிலில் ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50 சதவீதம் என்றிருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றது, இன்னும் திரும்பவில்லை. கீழ் பெர்த் ஒதுக்கீடுதான் மிச்சம். மனு அனுப்பியிருக்கிறோம். ஆனால் அந்தச் சலுகை போனதென்று ஐந்து வருஷமாகப் புலம்பும் சிலர், அதே ஐந்து வருஷமாகச் சந்தாவும் கட்டவில்லை. மேசைக்கு வந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் பாக்கிதான். சந்தாவுக்குச் சலுகை எதுவும் சங்கம் அறிவித்ததாக எனக்கு நினைவில்லை.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கையிருப்பு பயப்படும்படி இல்லை, மகிழும்படியும் இல்லை. ஜெராக்ஸ் செலவு கூடியது மேசையால்தான். அதில் ஒரு பகுதியை நானே போட்டேன், கேட்கவில்லை.

இடம் தந்த நூலகத்தாருக்கும், தலைவருக்கும், செயற்குழுவினருக்கும் நன்றி.

முழங்கால் காரணமாக அடுத்த ஆண்டு மாடிப்படி ஏறுவது எனக்குச் சிரமம். ஜூனில் டோக்கன் புதுப்பிக்க வேண்டும். மேசையைப் போட்டுவிடலாம், பின்னால் யார் உட்காருவது என்று இன்று கலைவதற்குள் சொல்லிவிட்டால் நல்லது. ரசீதுப் புத்தகம் வாசலில் இருக்கிறது.