சேவைக்கு எம்.பி.ஏ. எதற்கு?

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு இரண்டாவது கண்ணிலும் புரை எடுத்தாகிவிட்டது. இப்போது டிவியைத் தள்ளி உட்கார்ந்தே பார்க்கிறாள்.

உன் மகள் எம்.பி.ஏ. படித்துவிட்டுத் தொண்டு நிறுவனத்துக்குத்தான் போவேன் என்கிறாளாமே! "சேவைக்கு எம்.பி.ஏ. எதற்கு?" என்று அண்ணன் கேட்டதாக எழுதியிருந்தாய். இத்தனை வருஷம் ஒரு டிரஸ்டில் கணக்குப் பார்க்கிறவளாகச் சொல்கிறேன், அவசியம் வேண்டும். நல்ல மனசோடு தொடங்கிய எத்தனையோ அமைப்புகளில், ஒரு பிள்ளையைப் படிக்கவைக்க வருஷத்துக்கு என்ன செலவாகிறது என்று கேட்டால் பதில் வராது. பணம் நின்ற பிறகுதான் தேடுவார்கள். அதற்குள் பிள்ளைகளின் படிப்பு பாதியில் நின்றுவிடும்.

நம் மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரியையே எடுத்துக்கொள். டாக்டர் வெங்கடசாமி ஓய்வுபெற்ற பிறகு 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கினார். பணம் கொடுக்கிறவர்களின் கட்டணத்தில் இலவச நோயாளிகளுக்கும் சிகிச்சை நடக்கிற மாதிரி ஏற்பாடு. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்தால் விலை கட்டுப்படியாகாது என்று 1992-ல் ஆரோலேப் என்ற தயாரிப்பு நிறுவனத்தைத் தொடங்கித் தாங்களே செய்தார்கள். அங்கே நிர்வாகத்தைக் கட்டியெழுப்பியவர்களில் ஒருவரான துளசிராஜ், கல்கத்தா ஐ.ஐ.எம்.மில் படித்தவர். கருணை மட்டும் இருந்திருந்தால் அது ஒரு சின்ன ஆஸ்பத்திரியாகவே நின்றிருக்கும்.

சட்டமும் முன்பு மாதிரி இல்லை. 2020 திருத்தத்துக்குப் பிறகு, வெளிநாட்டு நன்கொடையில் 20 சதவீதத்துக்கு மேல் நிர்வாகச் செலவு காட்டக்கூடாது. முன்பு 50 வரை இருந்தது. 2014-லிருந்து பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்கு ஒதுக்க வேண்டும். அந்தப் பணம் கேட்டுப் போனால் பட்ஜெட், இலக்கு, அறிக்கை எல்லாம் கேட்பார்கள். திட்டத்துக்குப் பணம் கிடைக்கும். ஆபீஸ் வாடகைக்கும் கணக்கருக்கும் கிடைப்பதுதான் பாடு. அதைப் பேசி வாங்கத் தெரிந்த ஆள் வேண்டாமா?

எங்கே படிப்பது என்றால், குஜராத்தில் ஆனந்தில் இருக்கிற இர்மா என்ற கிராமப்புற மேலாண்மைக் கல்வி நிறுவனத்தை முதலில் பார்க்கச் சொல். அமுல் குரியன் 1979-ல் தொடங்கியது. மாணவர்களைக் கிராமத்தில் தங்கவைத்துப் படிக்கவைப்பார்கள். எனக்கு அதுதான் பெரிய விஷயம். கடையில் சரக்கு சரியில்லை என்றால் ஆள் அடுத்த கடைக்குப் போய்விடுவான். தொண்டு வேலையில் பணம் தருகிறவர் ஒருவர், பயன் பெறுகிறவர் இன்னொருவர். வேலை மோசமாக நடந்தாலும் அந்த ஊர்க்காரர் வாய் திறக்கமாட்டார், கிடைக்கிற உதவியும் போய்விடுமோ என்ற பயம். நன்கொடையாளரைத் திருப்திப்படுத்த மட்டும் கற்றுக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. அதனால் படிப்புக்கு முன்னால் ஒரு வருஷமாவது களத்தில் வேலை பார்க்கட்டும்.

அப்புறம் கடன். லட்சக்கணக்கில் கல்விக்கடன் வாங்கிவிட்டால், மாதத் தவணை கட்டுவதற்காகவே கம்பெனி வேலைக்குப் போகவேண்டி வரும். எங்கள் துறைச் சம்பளம் உனக்குத் தெரியும். உதவித்தொகை கிடைக்கிற இடமா என்று பார்த்துச் சேருங்கள். அண்ணனிடம் இதைப் பேசு, அவருடைய கவலையும் நியாயம்தான்.

பரீட்சை முடிந்ததும் அவளை இங்கே அனுப்பு. வருஷக் கணக்கு முடிக்கிற நேரம், என் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். ஊர்களுக்கும் கூட்டிப்போகிறேன். எந்த பஸ் என்று மட்டும் முன்னாலேயே எழுது.

அன்புடன்,
உன் ஹாஸ்டல் தோழி