மாருதி 800-இல் எஸ்டீம் எஞ்சின்: பிரேக் பற்றி ஏன் ஒரு வரிகூட இல்லை?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில், பழைய மாருதி 800 காரில், அதே கம்பெனியின் பெரிய காரான எஸ்டீமின் எஞ்சினை ஏற்றி ரேஸ் காராக மாற்றிய இளைஞர்களைப் பற்றி ஒரு முழுப் பக்கம் வந்திருந்தது. படங்கள் அருமை. பையன்களின் கைவேலையிலும் எனக்குக் குறை இல்லை, வெல்டிங்கைப் பார்த்தாலே பொறுமையாகச் செய்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. ஆனால் பத்திக்குப் பத்தி குதிரைத்திறன் பேசுகிற அந்தக் கட்டுரையில் பிரேக் என்ற சொல் ஒரு தடவைகூட வரவில்லை. போதாததற்கு, விடியற்காலையில் பைபாஸில் 150 கிலோமீட்டர் வேகம் தொட்டதைக் கொட்டை எழுத்தில் பெட்டி கட்டிப் போட்டிருக்கிறீர்கள். கோவையில் வண்டி வேலை பார்ப்பவன், ரேஸ் கார்களுக்கும் வேலை செய்கிறவன் என்பதால் சும்மா இருக்க முடியவில்லை.

இந்த எஞ்சின் மாற்றத்தில் ஏன் இவ்வளவு ஆசை என்று எனக்கும் புரியும். 800 காரின் பழைய மூன்று சிலிண்டர் எஞ்சின் 796 சிசி, கொடுப்பது 37 குதிரைத்திறன். எஸ்டீமின் 1,298 சிசி எஞ்சின், எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலை அழுத்தத்தில் பீய்ச்சும் முறை) வந்த பிறகு, 85. வண்டியோ 650 கிலோ சொச்சம்தான். இரண்டுமே சுசுகி வம்சம், பழைய உதிரிபாகக் கடைகளில் எஞ்சினும் கியர்பாக்ஸும் ஜோடியாகவே கிடைக்கும். பிறகு யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்?

சரி, எஞ்சின் உள்ளே உட்கார்ந்துவிட்டது. இனிமேல்தான் வேலையே. கியர்பாக்ஸ் பக்கம் எஸ்டீம், சக்கரத்தின் பக்கம் 800, நடுவில் இருந்து சக்கரத்தைச் சுழற்றும் தண்டான டிரைவ் ஷாஃப்ட் யாருடையது? இரண்டையும் வெட்டி ஒட்டி வெல்டிங் வைத்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஒட்டு ஒரு நாள் திருகிக்கொண்டு உடைந்தால் எந்த வேகத்தில் உடையும் என்று யாரும் சொல்ல முடியாது. சரியான இரும்பில் புதிதாகக் கடைந்து, முனையில் ஸ்ப்ளைன் என்ற பற்களை வெட்டி, ஹீட் ட்ரீட்மென்ட் கொடுத்துச் செய்ய வேண்டும், அதற்கு எஞ்சின் வாங்கிய காசை விட அதிகமாகக்கூட ஆகலாம். அப்புறம் பெட்ரோல் லைன். கார்புரேட்டர் வண்டியில் பம்ப்பின் அழுத்தம் கால் பார் அளவுக்குத்தான் இருக்கும், எம்பிஎஃப்ஐ எஞ்சினுக்குக் கிட்டத்தட்ட 3 பார் வேண்டும். பழைய ரப்பர் குழாயையும் கிளிப்பையும் அப்படியே விட்டுவைத்தால் சூடான எக்ஸாஸ்ட் பக்கத்திலேயே பெட்ரோல் பீய்ச்சும். ரேடியேட்டர், ஒயரிங், எஞ்சினை இயக்கும் கணினியான ஈசியு எல்லாம் பெரிய வேலைதான், ஆனால் அதில் தவறு செய்தால் வண்டி நின்றுபோகும், அவ்வளவுதான்.

நிற்காமல் போவதுதான் பிரச்சினை. 75 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டியை நிறுத்துவதற்கும் 150-இல் போகும் அதே வண்டியை நிறுத்துவதற்கும் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. 800-க்குக் கம்பெனி கொடுத்தது 12 அங்குலச் சக்கரம், 145 அகல டயர். அந்தச் சக்கரத்துக்குள் எவ்வளவு பெரிய டிஸ்க்கைத்தான் நுழைக்க முடியும்? எனவே சக்கரம், ஹப், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிபர், மாஸ்டர் சிலிண்டர் என்று வரிசையாக மாற்ற வேண்டி வரும். மூக்கில் எடை கூடியதால் முன் ஸ்பிரிங்கும் ஷாக்கும் மாற வேண்டும், இல்லாவிட்டால் திருப்பத்தில் ஸ்டியரிங்கை ஒடித்தாலும் வண்டி நேராகவே போகப் பார்க்கும். நீண்ட திருப்பங்களில் எஞ்சினுக்கு அடியில் இருக்கும் தொட்டியான சம்ப்பில் உள்ள ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சி, பேரிங் போய்விடும், அதைத் தடுக்க சம்ப்புக்குள் தகடு வைப்பார்கள். தெரிந்தவர்கள் பிரேக், சஸ்பென்ஷன், வண்டி உருண்டாலும் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புக் கூடான ரோல் கேஜ் எல்லாம் முடித்த பிறகுதான் எஞ்சின் வாங்கவே போவார்கள். உங்கள் கட்டுரையில் அந்தக் காருக்கு இதில் எதெல்லாம் செய்தார்கள்? செய்திருக்கலாம். கேட்டால்தானே தெரியும்!

கம்பெனிகளும் இதைச் செய்தவைதான். இந்துஸ்தான் மோட்டார்ஸின் கான்டெஸா வந்த புதிதில் அவ்வளவு கனமான காருக்கு அம்பாசடரின் 1,489 சிசி எஞ்சினைத்தான் வைத்திருந்தார்கள், மேடு ஏறத் திணறியது. பிறகு இசுசு 1.8 வந்தது, கூடவே ஐந்து கியர் பெட்டியும் வந்தது. எஞ்சினை மட்டும் தூக்கி வைத்துவிட்டு அவர்கள் சும்மா இருக்கவில்லை.

எங்கள் ஊருக்கு இது புதிதும் இல்லை. ரேஸ் ஓட்டுநரும் ரேஸ் வண்டிகளை உருவாக்கியவருமான கரிவரதன் 1980-களின் கடைசியில், அதே 800 காரின் சின்ன எஞ்சினை ஒற்றை இருக்கை ரேஸ் வண்டியில் வைத்து ஃபார்முலா மாருதி என்று உருவாக்கினார். விலை கட்டுப்படியாகும், உதிரிபாகம் எந்த ஊரிலும் கிடைக்கும், அதுதான் கணக்கு. பின்னால் ஃபார்முலா ஒன் வரை போன நரேன் கார்த்திகேயன் ஆரம்பத்தில் ஓட்டியதும் ஃபார்முலா மாருதிதான். 1995-இல் சிறு விமான விபத்தில் கரிவரதன் இறந்துபோனார், செட்டிபாளையத்தில் இருக்கும் 2.1 கிலோமீட்டர் டிராக்குக்கு அவர் பெயர்தான். இன்றைக்கும் எல்ஜிபி ஃபார்முலா 4 என்ற ஒற்றை இருக்கை ரேஸ் வண்டிக்குள் இருப்பது ஸ்விஃப்ட் எஞ்சின். ரேஸுக்காக எஞ்சின் மாற்றுகிற பையன் இந்த வழியில் வந்தவன்தான், அவனைக் குற்றவாளி மாதிரிப் பார்க்க வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் அந்த வண்டிகள் லாரியில் ஏறி டிராக்குக்குப் போகின்றன. ரேஸுக்கு முன் நடக்கும் ஸ்க்ரூட்டினி என்ற பரிசோதனையில் பெல்ட், ரோல் கேஜ், தீயணைப்பான் எல்லாம் பார்த்த பிறகுதான் உள்ளே விடுவார்கள். எந்த வகுப்பில் ஓட்டப் போகிறோம் என்று விதிமுறைப் புத்தகத்தை முதலில் படிக்கவும் வேண்டும், ஏனென்றால் பல டூரிங் கார் வகுப்புகளில் அந்த மாடலுக்கு உரிய எஞ்சின்தான் இருக்க வேண்டும், மாற்றினால் ஓட்ட வகுப்பே இருக்காது.

ரோட்டில் ஓட்டினால் என்ன ஆகும் என்பதையும் நீங்கள் எழுதவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. எஞ்சின் கெட்டுப்போனால் அனுமதி வாங்கி அதே ரக எஞ்சினை வைத்து ஆர்சியில் ஏற்றலாம், அது வேறு விஷயம். 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். இடித்துவிட்டால் இன்ஷூரன்ஸ்காரர்கள் கையை விரிக்கவும் இது போதும். நீங்கள் நம்பர் பிளேட் தெரிகிற மாதிரிப் படம் போட்டிருக்கிறீர்கள், பாவம் அந்தப் பையன்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். பதிவை ரத்து செய்ய வழி சொல்லும் 55-ஆவது பிரிவு அழிந்துபோன, இனி ஓட்டவே லாயக்கில்லாத வண்டியைப் பற்றிப் பேசுகிறது. டிராக்குக்காக மாற்றிய வண்டி நன்றாகவே ஓடும், ரோட்டில் ஓடக் கூடாது, அவ்வளவுதான். இதற்கென்று ஆர்டிஓ அலுவலகத்தில் ஒரு எளிய படிவம் வைத்து ஆர்சியை வாங்கிக்கொண்டால் யாருக்கும் நஷ்டமில்லை.

உங்களிடம் கேட்பது இதுதான்: இணையப் பதிப்பிலாவது அந்த 150 பெட்டியை எடுத்துவிடுங்கள், பிரேக்குக்கும் டிரைவ் ஷாஃப்டுக்கும் என்ன செய்தார்கள் என்று அந்தப் பையன்களிடமே கேட்டு அதே அளவு இடத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
பட்டறை வைத்திருக்கும் வாசகர்,
கோயம்புத்தூர்